பேய்க்குப் பஸ் ஏறுவதா, சண்டைக்கா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். தமிழ் சினிமாவும் தன் பெரிய சரக்கைச் சரியாக அந்தச் சமயத்தில்தான் இறக்குகிறது. 2024-ல் அரண்மனை 4 வந்தது மே 3. 2025-ல் ரெட்ரோ மே 1, தக் லைஃப் ஜூன் 5. குட் பேட் அக்லி மட்டும் தடைக்கு ஐந்து நாள் முந்திக்கொண்டு ஏப்ரல் 10-ல் வந்தது. ஆள்களிடம் நேரம் கொட்டிக் கிடக்கிற மாதங்கள் இவை, கையில் காசு மட்டும் இருக்காது. நல்ல திரை, நல்ல சவுண்டு வேண்டுமென்றால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் ஆள்கள் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து கணக்குப் போட்டால் 55 கிலோமீட்டர். நாலு பேர் போய்வர பஸ் காசு, டிக்கெட், இடைவேளையில் பிள்ளைகள் இழுக்கிற செலவு எல்லாம் சேர்ந்தால் ஒரு தடைக்காலத்துக்கு ஒரு படம், மிஞ்சினால் இரண்டு. மற்றதெல்லாம் போனிலும் டிவியிலும்தான். அந்த ஒன்றோ இரண்டோ பேய்ப்படமாக இருக்கட்டுமா, சண்டைப் படமாக இருக்கட்டுமா?

ஊரில் எல்லோரும் சொல்கிற தீர்ப்பு உங்களுக்கும் தெரியும். சண்டைப் படத்துக்குத் தியேட்டர், பேய்ப்படத்துக்கு வீடு. நான் இதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். படத்தின் வகையைப் பார்த்து முடிவு செய்தால் காசு வீணாகும். பக்கத்து சீட்டுக்காரனின் சத்தத்தை அந்தப் படம் தாங்குமா, தாங்காதா என்பதுதான் கேள்வி. சத்தம் கூடக் கூடத் தெம்பாகிற படங்கள் உண்டு. ஒரு இருமலில் செத்துப்போகிற படங்களும் உண்டு. இந்த இரண்டு குணமும் பேய், சண்டை என்ற கோட்டை மதிப்பதில்லை.

ரஜினி நடித்த கூலி படத்தை எடுத்துக்கொள்வோம். 2025 ஆகஸ்ட் 14-ல் வந்தது. விசாகப்பட்டினத் துறைமுகம், நாகார்ஜுனா, சௌபின், உபேந்திரா, கடைசியில் அமீர் கான் என்று தலைக்கு ஒரு விசில் வைத்து எழுதிய படம். தியேட்டரில் இடைவேளை வரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, குறிப்பாக சௌபின் வருகிற இடமெல்லாம். அதையே பிறகு வீட்டில் தனியாகப் பார்த்தபோது, பிணத்தை நொடியில் எரிக்கிற அந்த நாற்காலியைப் பற்றி வரிசையாகக் கேள்வி எழுந்தது. இது எப்படி வேலை செய்கிறது, இதற்கு இவ்வளவு பேர் ஏன் அலைகிறார்கள் என்று. தியேட்டரில் அந்தக் கேள்விகளுக்கு இடமே இல்லை, ஏனென்றால் நாம் கேள்வி கேட்க வாயைத் திறப்பதற்குள் பின்வரிசை கத்திவிடுகிறது. இந்த மாதிரிப் படத்துக்கு டிக்கெட் எடுத்தால் பாதிக் காசு படத்துக்கு, பாதி கூட்டத்துக்கு. வீட்டில் பார்த்தால் அந்தப் பாதி நட்டம். ஆகவே இவற்றுக்குத் தயங்காமல் பஸ் ஏறலாம், அதுவும் முதல் மூன்று நாளுக்குள். பத்து நாள் கழித்துக் காலி சீட்டுகளுக்கு நடுவே பார்ப்பதற்குப் பதில் ஓடிடிக்குக் காத்திருப்பது நல்லது.

ஆனால் எல்லாச் சண்டைப் படமும் இப்படியில்லை. வீர தீர சூரன் 2025 மார்ச் 27-ல் வந்தது. இரண்டாம் பாகத்தை முதலில் வெளியிட்ட படம். மளிகைக் கடைக்காரராக விக்ரம், மதுரைப் பக்கத்துத் திருவிழா ராத்திரி, ஒரே இரவுக்குள் கதை. அதில் அடிதடியை விட, அடி எப்போது விழும் என்று காத்திருப்பதுதான் அதிகம். யார் யாரை நம்புகிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். எஸ்.ஜே.சூர்யாவும் சுராஜும் கண்ணாலேயே பேசிக்கொள்கிற இடங்களில் யாராவது விசிலடித்தால் கதையின் நூல் அறுந்துவிடும். இதை வீட்டில் பார்த்தாலும் பிடி தளரவில்லை, சொல்லப்போனால் இறுகியது. சண்டைப் படம்தானே என்று இதைக் கூலியோடு ஒரே தட்டில் வைத்தால் தவறான படத்துக்குப் பஸ் ஏறுவீர்கள்.

இனி பேய்.

நம் பக்கத்துத் தியேட்டரில் பேய்ப்படம் பார்ப்பது தனி அனுபவம். கதவு மெதுவாகத் திறக்கும்போது முன்வரிசையிலிருந்து ஒருவன் “போகாதடி, உள்ளே இருக்கு” என்பான். தியேட்டர் சிரிக்கும். பேய் வந்தால் பெண்கள் பக்கத்தில் ஒரு அலறல், அதைக் கேலி செய்து இளவட்டங்கள் இன்னொரு அலறல். நடுவே யாருடைய போனோ முகத்தில் வெளிச்சம் அடிக்கும். அரண்மனை 4-க்கு இது எல்லாமே எண்ணெய் ஊற்றின மாதிரி. சுந்தர்.சி-யின் பேய் பயமுறுத்த வருவதில்லை, குடும்பத்தைக் கூட்டி வைக்க வருகிறது. யோகிபாபு ஒரு பக்கம், தமன்னா ஒரு பக்கம், கடைசியில் அம்மன் பாட்டு. பேய்ப்படம் என்ற பெயரில் இருக்கிற திருவிழா அது. பாட்டியிலிருந்து பேரன் வரை கூட்டிக்கொண்டு போக தடைக்காலத்தில் அதைவிட வசதியான படம் இல்லை. ரசனைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். 2025 மே மாதம் வந்த ஃபைனல் டெஸ்டினேஷன் பிளட்லைன்ஸும் இந்த ரகம்தான். சாவு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தியேட்டரே சேர்ந்து பந்தயம் கட்டும்.

பிரமயுகத்தை அதே தியேட்டரில் போட்டுப் பாருங்கள். 2024 பிப்ரவரி 15-ல் வந்த மலையாளப் படம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. பாணர் குலத்துப் பாடகன் ஒருவன் காட்டில் வழிதவறி ஒரு பாழடைந்த மனைக்கு வந்து சேர்கிறான். அங்கே மனைக்கு எஜமானரான ஒரு போற்றியும் ஒரு சமையல்காரனும். கிட்டத்தட்ட இந்த மூன்று பேர்தான் படம். போற்றியாக வரும் மம்மூட்டி அதில் கத்துவதே இல்லை. சாப்பிடுகிறார், சிரிக்கிறார், பகடை உருட்ட அழைக்கிறார். பயம் எங்கேயிருந்து வருகிறது என்று கவனித்தால், ஒழுகுகிற கூரையின் சொட்டு, எங்கோ கீழறையில் கேட்கிற ஏதோ ஒன்று, அப்புறம் பேச்சு நின்றதும் விழுகிற அமைதி. விருந்தாளியாக வந்தவன் எந்த நொடியில் அடிமையானான் என்று அவனுக்கே தெரியாமல் போகிறது. அந்தக் கொடூரம் மெல்லத்தான் உறைக்கும். அந்த அமைதிக்குள் ஒரு “டேய் மச்சான்” விழுந்தால் படம் முடிந்தது. மம்மூட்டிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருதை வாங்கித் தந்த வேடம், அதைப் பாப்கார்ன் நொறுங்கும் சத்தத்தில் பார்ப்பதில் எனக்குச் சம்மதமில்லை. இதற்கு இரண்டே இடம்தான். ஒன்று மதுரையில் கூட்டம் குறைந்த ஒரு வேலைநாள் காட்சி. இல்லாவிட்டால் வீட்டில், எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்கை அணைத்து, இயர்போன் மாட்டிக்கொண்டு. டிவி ஸ்பீக்கரில் வேண்டாம், மின்விசிறிச் சத்தம் அந்தச் சொட்டுகளைத் தின்றுவிடும்.

அதே இயக்குநர் ராகுல் சதாசிவன் 2022-ல் எடுத்த பூதகாலம் தியேட்டருக்கே வரவில்லை, நேராக ஓடிடியில் வந்தது. அதைப் பற்றி நம் கரையில் இருந்துகொண்டு கொஞ்சம் நின்று பேச வேண்டும். பேய்ப்படங்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மனம் சரியில்லாதவரைப் பேய் பிடித்தவராகக் காட்டி, சங்கிலி போட்டு, உடுக்கை அடித்து, கடைசியில் தெளிய வைப்பார்கள். வேறு ஊர்க்காரர்களுக்கு அது வெறும் காட்சியாக இருக்கலாம். ஏர்வாடி நமக்குப் பக்கத்து ஊர். 2001 ஆகஸ்ட் 6-ல் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டி வைத்திருந்ததால் ஓடித் தப்ப முடியவில்லை. அதற்குப் பிறகும் திரையில் சங்கிலியைப் பார்த்து என்னால் சும்மா பயப்பட முடியாது, கோபம்தான் வரும். பூதகாலம் இந்த விஷயத்தில் நேர்மையானது. மன அழுத்தத்தில் கிடக்கும் அம்மாவாக ரேவதி, வேலை கிடைக்காத மகனாக ஷேன் நிகம், ஒரு வாடகை வீடு. வீட்டில் இருப்பது பேயா, அவர்கள் மனசில் இருப்பதா என்று படம் கடைசிப் பகுதி வரைக்கும் பிடிகொடுக்காமல் நகர்கிறது. மருத்துவரைக் கேலி செய்வதில்லை, நோயாளியைக் காட்சிப்பொருளாக்குவதும் இல்லை. பஸ் காசு இல்லாமல் பார்க்கக் கிடைக்கிற பேய்ப்படங்களில் என் முதல் சிபாரிசு இதுதான், பிரமயுகத்துக்கும் முன்னால்.

டிமான்ட்டி காலனி கதை வேறு. 2015-ல் வந்த முதல் பாகம் ஒரே அறை, நாலு நண்பர்கள், ஒரு டிவி. அறைக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பார்க்க வீட்டு அறையே போதும். 2024 ஆகஸ்ட் 15-ல் வந்த இரண்டாம் பாகம் அந்த அறையை விட்டு வெளியே வந்து பரந்துவிட்டது. அருள்நிதிக்கு இரட்டை வேடம், கணவனை இழந்த பிரியா பவானி சங்கர், உதவிக்கு வரும் புத்த பிக்குகள். சாம் சி.எஸ். இசை காதைக் குத்துகிற இடங்களில் தியேட்டர் குலுங்கும். கதை கூடிப்போய்ப் பயம் குறைந்தது என்பது என் எண்ணம். ஆனால் ராமநாதபுரத்தில் கூட்டத்தோடு பார்க்கக் குறையில்லாத படம்.

இப்போது நமக்கு நெருக்கமான ஒன்று. கிங்ஸ்டன், 2025 மார்ச் 7. ஜி.வி.பிரகாஷ் நடித்து இசையமைத்தது, கமல் பிரகாஷ் இயக்கம். தூத்துக்குடிப் பக்கத்து மீனவ கிராமம், சாபம் விழுந்த கடல். போனவன் பிணமாகத்தான் கரை சேர்வான். கேட்டதுமே நம் கரையில் ஒவ்வொருவரும் நிமிர்ந்து உட்காருவோம், தமிழில் கடலையே பேய்வீடாக்கிய படங்கள் அபூர்வம். நானும் அந்த ஆசையில்தான் போனேன். முதல் பாதியில் ஊரும் தடையும் பஞ்சமும் நன்றாகவே கூடிவந்தன. படகு கடலுக்குள் போன பிறகுதான் சிக்கல். திரையில் கடல் முழுக்கப் பனி, பச்சை வெளிச்சம், ஓயாத பின்னணி இசை. ராக்கடலுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அங்கே பயம் எப்படி வருமென்று. இஞ்சின் திடீரென்று நிற்கும்போது வரும். அதுவரை காதை அடைத்திருந்த சத்தம் போய், பலகையில் தண்ணீர் அடிக்கிற சத்தம் மட்டும் மிஞ்சும். காற்று திசை மாறினது முகத்தில் தெரியும், கரை விளக்கு தெரியாது. வலை எதிலோ மாட்டி இழுக்கும், எதிலென்று தெரியாது. இதை அப்படியே காட்டியிருந்தால் பேயே தேவைப்பட்டிருக்காது. படமோ அந்த அமைதியை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. முன்கதைக்கு மேல் முன்கதை போட்டு, சாபத்துக்குக் காரணம் சொல்லிச் சொல்லியே பயத்தைக் கரைத்துவிட்டது. எங்கள் தெருவில் படகு வைத்திருக்கும் மாமா ஒருவர் படம் பார்த்துவிட்டுச் சொன்னது: “கடல்ல பேய் இருக்கோ இல்லையோ தம்பி, டீசல் வெல இருக்குல்ல, அதக் காட்டச் சொல்லு.”

இருந்தாலும் கிங்ஸ்டனைத் தியேட்டரில் பார்க்கலாம் என்றுதான் சொல்வேன். அதன் பலம் கண்ணுக்குத்தான், அது போனில் அடங்காது. கடலை வைத்து வந்த இன்னொரு பெரிய படம் 2024 செப்டம்பர் 27-ல் வந்த தேவரா, தெலுங்கிலிருந்து தமிழ் பேசி வந்தது. அதில் கடல், நாயகன் குதிக்க ஒரு நீச்சல்குளம். சண்டையை ரசிக்கலாம். கடலைத் தேடிப் போகாதீர்கள்.

கிங்ஸ்டன் வந்த அதே நாளில் மர்மர் என்று சின்னப் படம் ஒன்றும் வந்தது. யூடியூபர் கூட்டமொன்று ஜவ்வாது மலைக்குக் கேமராவோடு போய் மாட்டிக்கொள்கிறது, அவர்கள் எடுத்த வீடியோவே படம். தனுஷ்கோடியில் பேய் இருக்கிறது என்று வீடியோ போடுகிறவர்களைத் தொடர்ந்து பார்த்துச் சலித்த நமக்கு இந்தக் கூட்டம் நன்றாகப் பழக்கம். 1964 டிசம்பரில் புயலில் செத்தவர்களின் ஊரை அவர்கள் பேய்வீடு என்று விற்கிறார்கள், இந்தப் படத்தில் அவர்களுக்கு வேண்டியது கிடைக்கிறது. அந்த ஒரு திருப்தியைத் தவிர, நடை அதிகம், பயம் கம்மி. போனில் எடுத்த மாதிரி இருக்கிற படத்தைப் போனிலேயே பார்ப்பதுதான் பொருத்தம். பஸ் காசு வேண்டாம்.

சண்டைப் படம் என்று பெயர் போட்டு வந்து பயத்தைத் தருகிற படங்களைப் பற்றித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்திப் படம் கில், 2024 ஜூலை 5. டெல்லி போகிற ரயிலில் கொள்ளைக் கூட்டம் ஏறுகிறது, உள்ளே விடுப்பில் வந்த ஒரு ராணுவ கமாண்டோ. படத்தின் பெயரே முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரையில் விழுகிறது. அந்த நொடியிலிருந்து நாயகன் நாயகனாக இல்லை, கொள்ளையர் கண்ணுக்கு அவன்தான் பேய். சேது எக்ஸ்பிரஸில் ராத்திரி கழிவறைக்குப் போக எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்கிய ஒவ்வொருவருக்கும் அந்த ஒடுக்கமான நடைபாதை தெரியும். அதற்குள் இவ்வளவு சண்டையை எப்படிப் பொருத்தினார்கள் என்பதே ஆச்சரியம். பெரிய திரை வேண்டியதில்லை, ஒடுக்கம்தான் அதன் பலம். ஆனால் திடமான மனசு வேண்டும். மார்கோ இன்னொரு தூரம். 2024 டிசம்பரில் வந்த மலையாளப் படம், தொலைக்காட்சியில் போட தணிக்கை வாரியம் அனுமதி தரவில்லை என்றால் எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளுங்கள். கில்லில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. மார்கோவில் அளவைத் தவிர வேறொன்றும் நினைவில் நிற்கவில்லை. எனக்கு அது வேண்டாம்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் இங்கே ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். கூலிக்கு ஏ சான்றிதழ், தனுஷின் ராயனுக்கும் ஏ. பதினெட்டு வயது ஆகாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போனால் உள்ளே விடக்கூடாது என்பதுதான் சட்டம். அரண்மனை 4-க்கும் டிமான்ட்டி காலனி 2-க்கும் யு/ஏ. ஆக ரஜினியைப் பார்க்க முடியாத பிள்ளை பேயைப் பார்க்கலாம். 2024 நவம்பருக்குப் பிறகு தணிக்கையான படங்களில் யு/ஏ என்பதே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அது பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டும், வாசலில் தடுக்க மாட்டார்கள். போஸ்டரின் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்காமல் 55 கிலோமீட்டர் போய்த் திரும்பிய குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு.

பேயா சண்டையா என்று வீட்டுக்குள் சண்டை முற்றினால் லோகா இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 28-ல் வந்த மலையாளப் படம், டொமினிக் அருண் இயக்கம். கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சிக் கதையை எடுத்து, அவளைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து சூப்பர் ஹீரோவாக்கி, கல்யாணி பிரியதர்ஷனிடம் கொடுத்திருக்கிறார்கள். நம் டான்ஸ் மாஸ்டர் சாண்டி வில்லத்தனமான போலீஸ்காரர், மனிதர் அசத்தியிருக்கிறார். நீலியின் முன்கதை வருகிற இடம் பேய்ப்படத்தின் இருட்டோடு இருக்கிறது, பெங்களூர்ப் பகுதி சண்டைப் படத்தின் வேகத்தோடு. தியேட்டர் சத்தத்தைத் தாங்குகிறது, சத்தம் இல்லாவிட்டாலும் நிற்கிறது. சமீபத்தில் வந்தவற்றில் எந்தத் திரையில் பார்த்தாலும் காசு வீணாகாத படம் எனக்கு இது ஒன்றுதான்.

மதுரைக்குப் போவதா என்று கேட்டால், ராமநாதபுரத்திலிருந்தே நூறு கிலோமீட்டருக்கு மேல். டிக்கெட் விலையைப் பொறுத்து வரியிலும் வித்தியாசம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய்க்குள் இருக்கிற டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. அரண்மனைக்கும் கூலிக்கும் இவ்வளவு தூரம் போவது வீண். ஆஸ்பத்திரிக்கோ கல்யாண ஜவுளிக்கோ எப்படியும் மதுரை போகிற நாளில், பிரமயுகம் மாதிரி அமைதியை நம்புகிற படம் ஒன்று ஓடினால் அதற்கு ஒரு மதியத்தை ஒதுக்குங்கள். நடுவரிசைக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார்ந்தால் நாலு பக்கத்து ஸ்பீக்கரும் ஒழுங்காகக் கேட்கும்.

உள்ளூர்க் கணக்கு எளிது. பெரிய நட்சத்திரப் படத்துக்கு முதல் காட்சி என்றால் தமிழ்நாட்டில் இப்போது காலை 9 மணி, ராமேஸ்வரத்திலிருந்து ஆறரைக்குள் பஸ் பிடித்தாக வேண்டும். வீர தீர சூரனுக்குக் காலைக் காட்சிகள் வழக்கினால் நின்று மாலையில்தான் படம் ஓடியது நினைவிருக்கலாம், ஆகவே தூரத்திலிருந்து போகிறவர்கள் முதல் நாள் மாலைக் காட்சியைப் பிடிப்பது உத்தமம். தடைக்காலம் முடிந்து திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போகிற விசைப்படகுக்காரர்களுக்கு வெள்ளி மாலை வசதி, இரண்டாம் ஆட்டம் ஆகாது, விடிந்தால் கடல். ஞாயிறு மதியத்துக்கு அவர்களைப் பேய்ப்படத்துக்கு இழுக்காதீர்கள். ராத்திரி முழுக்க வலை இழுத்தவர்கள் ஏசி பட்டதும் தூங்கிவிடுவார்கள், பேய் வந்து எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்குச் சண்டைதான் சரி.